யாகப்பம்மாளும் ஏர்வாடி சைக்கிளும்

யாகப்பம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அக்காள்மடத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் அவள் புருஷன் மரியதாஸோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த வேலையையும் அவன் மாட்டேன் என்றதே இல்லை. "நாளைக்குப் பாப்போம்" என்பான். கூரை ஒழுகினாலும் நாளைக்கு, கோழிக்கூடு சரிந்தாலும் நாளைக்கு.

அப்படிப்பட்டவன்தான் ஏர்வாடிக்குப் போய் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, மண்டபத்தில் ரயிலேற்றி, பாம்பனிலிருந்து தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். வாசலில் பூவரச மரத்தில் அதைச் சாய்த்து வைத்தான். சாய்க்காவிட்டால் விழுந்துவிடும். ஒரு பெடலைக் காணோம். பிரேக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் துரு இருந்தது. முன்சக்கரம் சுற்றும்போது கள் குடித்தவன் நடப்பதுபோல அங்கிட்டும் இங்கிட்டும் போனது.

"இதுக்கு நீங்க காசு குடுத்தீங்களா, இல்ல தூக்கிட்டுப் போனாப் போதும்னு அந்தக் கடைக்காரர் உங்களுக்குக் குடுத்தாரா?" என்று கேட்டாள்.

"நல்ல இரும்பு புள்ள. கொஞ்சம் கை பாத்தா ஓடும்."

அவள் அதை அடுப்பங்கரைச் சாம்பலோடு கொட்டிவிடாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மரியதாஸ் சங்கு குளிக்கிறவன். போன பருவத்தில் ஆழத்திலிருந்து மேலே வந்தபோது வலது காதிலிருந்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம் அந்தக் காது கேட்கவே இல்லை. இன்னொரு தடவை முங்கினால் இடது காதும் போய்விடும் என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். மரியதாஸ் அதற்கும் நாளைக்குப் பாப்போம் என்றுதான் சொன்னான். யாகப்பம்மாளுக்கு அன்று வந்தது கோபமில்லை, பயம்.

சைக்கிள் வருவதற்கு முன்னாலேயே அவளேதான் மண்டபத்து மீன் வியாபாரியிடம் போய்க் கேட்டிருந்தாள். தங்கச்சிமடம் கரையில் இறங்கும் மீனைக் கூடையில் கட்டிப் பாம்பன் ஸ்டேஷனில் ரயிலேற்றுகிற வேலை ஒன்று இருந்தது. "சொந்தச் சைக்கிள் வேணும். திங்கக்கெழமை மொத நடை. ரயிலை விட்டா வேற ஆளு வச்சுக்கிருவேன்" என்றார் அவர். அந்த வேலை கிடைத்தால் புருஷன் கரையில் இருப்பான், கிடைக்காவிட்டால் சங்குத் தோணி கூப்பிடும். அதனால்தான் வாசலில் நின்ற அந்தத் தரித்திரத்தை அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுத்தாள் என்றாலும் வாய் சும்மா இருக்கவில்லை. மரியதாஸ் அதைச் சைக்கிளாகவா பார்த்தான்? வள்ளமாகப் பார்த்தான். கிழிந்த சீட்டுக்குப் பாய்த்துணியை வைத்துத் தைத்தான். கேரியரை வலைக்கயிற்றால் கட்டினான். டயரில் ஓட்டை இருந்த இடத்தில் உள்ளே இன்னொரு டயர்த் துண்டை வைத்தான், உட்கார்ந்து ஓட்டினால் அந்த இடம் வரும்போதெல்லாம் பின்பக்கத்தில் ஒரு குத்து விழுந்தது. பாம்பனில் சைக்கிள் கடை வைத்திருந்த ராக்கப்பனுக்கு நாரில் கோத்த நகரை மீன் ஒரு கோவை கொடுத்து முன்சக்கரத்தை நிமிர்த்தினான். ராக்கப்பன் உள்நாட்டு விவசாயக் குடும்பத்துக்காரன். பிழைப்புக்குக் கடலோரம் வந்தவன்.

சனிக்கிழமை சைக்கிள் வீடு வந்தது. பெடல்கூட இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுச்சா?"

"அச்சுக்கும் செயினுக்கும் எண்ணெய் மட்டும் போடச் சொன்னான் ராக்கப்பன். நாளைக்குப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் சாப்பிட்டான், தூங்கினான், எழுந்து கடற்கரைக்குப் போனான். பொழுது சாயும்வரை யாகப்பம்மாள் பொறுத்துப் பார்த்தாள். "இந்த மனுசனை நம்பினா ரயிலு மதுரைக்கே போய்ச் சேந்துரும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே இறங்கினாள்.

எண்ணெய் என்றால் அந்தக் கரையில் யாருக்கும் சந்தேகம் வராது. தலைக்கு ஒன்று, சட்டிக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சுறா எண்ணெய். வள்ளத்துக்கு அதுதான், நங்கூரத்துக்கும் அதுதான். வீட்டில் ஒரு கலயத்தில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சியது பாகுபோலக் கெட்டியாகக் கிடந்தது. செயினுக்குப் பூசினாள், பெடலுக்குப் பூசினாள், அச்சு இரண்டிலும் வழிய வழிய ஊற்றினாள். சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சுற்றியது. நான்கு தெருப் பூனைகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. அவற்றை விரட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

மறுநாள் உச்சிவெயில் நேரத்தில் மரியதாஸ் மீன்கூடையோடு வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்க்க ரோட்டுக்கு வந்து நின்றாள். அவன் வந்தான், ஆனால் ஓட்டிக்கொண்டு வரவில்லை. இழுத்துக்கொண்டு வந்தான். பின்சக்கரம் சுற்றாமல் மணலில் கோடு போட்டது. செயினைத் தொட்டுப் பார்த்தாள். காற்றில் பறந்த மணலெல்லாம் எண்ணெயில் ஒட்டி, வெயிலில் காய்ந்து, அல்வாவாக இறுகியிருந்தது.

புருஷனைத் திட்ட வாயைத் திறந்தவளுக்குத் திட்டு வாங்க வேண்டிய ஆள் தான்தான் என்பது புரிந்தது.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கூடையை அவுத்துக் குடுங்க" என்றாள்.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள், நடந்து போதாமல் ஓடினாள். மீன்தண்ணீர் கழுத்தில் வழிந்தது. சொந்தச் சைக்கிள் வேண்டுமென்று வியாபாரி சொல்லியிருந்தாரே என்று மரியதாஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். பொஞ்சாதி மீனைச் சுமக்க, புருஷன் சைக்கிளைச் சுமக்க, பாம்பன் பஜாரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சிரித்தவர்களின் முகத்தையெல்லாம் யாகப்பம்மாள் மனதில் குறித்துக்கொண்டாள், அப்புறம் கவனிக்க.

ரயில் நின்றுகொண்டிருந்தது. கூடை ஏறியது.

ஸ்டேஷனில் காத்திருந்த வியாபாரி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "சைக்கிள்தான் ஒன்னையச் சொமக்கணும்யா, நீ சைக்கிளைச் சொமக்கக் கூடாது. இன்னைக்கு மீனு வந்துருச்சு, அதனால விடுறேன். நாளைக்கு ஓட்டிக்கிட்டு வா. வேலை ஒனக்குத்தான்."

அங்கிருந்து நேராக ராக்கப்பன் கடைக்குப் போனார்கள். அவன் அச்சைக் கழற்றி, விரலில் எடுத்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தான்.

"இது என்னய்யா வாடை?"

"சுறா எண்ணெய். நீதானப்பா எண்ணெய் போடச் சொன்ன" என்றான் மரியதாஸ்.

"எண்ணெய்னா மிசின் எண்ணெய்யா. ஊர்ல எவனாச்சும் சைக்கிளுக்கு மீனு எண்ணெய் ஊத்துவானா? யாரு பாத்த வேலை இது?"

யாகப்பம்மாள் வாயெடுப்பதற்குள் மரியதாஸ் சொன்னான்: "நாந்தான் ஊத்துனேன்."

ராக்கப்பன் தலையில் அடித்துக்கொண்டு மண்ணெண்ணெய் எடுக்க உள்ளே போனான்.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இந்த மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லையே. "நான் ஊத்துனதை ஏன் நீங்க ஏத்துக்கிட்டீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றது அவனுடைய வலது பக்கம்.

சுற்றி இடது பக்கம் வந்து நின்று திரும்பவும் கேட்டாள்.

"நீ ஊத்தலைன்னா நான் ஊத்திருப்பேன் புள்ள. எண்ணெய்னா நமக்கு அதுதானே."

அவ்வளவு தணிந்த குரலில் சொன்னதுகூட அவனுடைய இடது காதுக்குக் கேட்டிருந்தது. இத்தனை நாள் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டியது அந்த ஒரு காதுக்காகத்தான் என்று நினைத்ததும் யாகப்பம்மாளுக்குக் கண் கலங்கியது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று, மண்ணெண்ணெய் எடுக்க இவ்வளவு நேரமா என்று ராக்கப்பனைச் சத்தம் போட ஆரம்பித்தாள்.