ஒரு மணிக்குக் குளிர்ந்த பெட்டி

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன். இவனெல்லாம் ஆபீஸ் கதையை எழுத வந்துவிட்டானே என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தென்னூரில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். செல்போன் டவர்களை அங்கே உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வோம். எந்த டவரில் கரண்ட் போனாலும், பேட்டரி இறங்கினாலும், கருவிகள் இருக்கும் பெட்டி சூடானாலும் திரையில் சிவப்பாக வரும். சிக்னல் அனுப்பும் ரேடியோ நின்றுபோனால் இங்கிருந்தே அணைத்துப் போட்டுப் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் டெக்னீஷியன் நேரில் போவார். நான் டீ வாங்கவும் கூரியர் கொடுக்கவும் சேர்ந்தவன். ஆள் குறைந்த ஒரு நாளில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள், பிறகு எழுப்பவில்லை.

வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் டவர் என்றால், ஆள் போவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். அது என் பொறுப்பு. எத்தனை மணிக்குப் பேசினேன் என்று என் நோட்டில் குறித்து வைப்பேன். அந்த நோட்டை வேறு யாரும் பார்ப்பதில்லை.

போன சித்திரையில், ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இருந்த டவர் தினமும் மத்தியானம் இரண்டே முக்கால் வாக்கில் நின்றுகொண்டிருந்தது. என் வீடும் ஸ்ரீரங்கம்தான் என்பதால் ஆபீஸை நடத்தும் எங்கள் மேடத்துக்கு அது ஒரு வேடிக்கை.

"என்னண்ணே, உங்க ஊரு டவர் உங்க பெருமாள் மாதிரியே படுத்துக்கிச்சா?"

நான் சிரித்து வைப்பேன். ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. உள்ளே இருந்த ரேடியோ சூடு தாங்காமல் தானாக நின்றது. பெட்டியின் சூட்டை அளக்கும் சென்சரோ இருபத்தைந்து டிகிரி என்று காட்டியது. டெக்னீஷியன் சென்சரை இரண்டு முறை மாற்றினார், ரேடியோவை ஒரு முறை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. அவர் வயரிங்கில் ஏதோ சொதப்பிவிட்டு மறைக்கிறார் என்று மேடம் முடிவு கட்டினார்.

"இந்த வாரம் இன்னொரு தடவ விழுந்தா நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

டெக்னீஷியன் உப்பிலியபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள், கான்ட்ராக்ட் வேலை. அன்று படியில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, நான் போறப்ப ஃபேன் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. சென்சர் சரியாக் காட்டுது. நான் என்னத்தப் பண்றது? பொய் சொல்றேங்கறாங்க."

போய் உட்கார்ந்து அந்தப் பெட்டியின் பழைய சூட்டுக் கணக்குகளைப் பார்த்தேன். நாற்பதில் இருக்கும் சூடு, தினமும் ஒன்று பத்துக்குச் சட்டென்று இருபத்தைந்துக்கு இறங்கியது. கெட்டுப்போன சென்சர் மணி பார்த்துக் கெடாது. சித்திரை மாதத்தில் மத்தியானம் ஒரு மணிக்குத் தானாகக் குளிர்வது திருச்சியில் எதுவும் இல்லை. தண்ணீர் பட்டால்தான் உண்டு. சரி, எப்போது மறுபடி ஏறுகிறது என்று பார்த்தேன். மூன்று மணியை ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஐந்து, பத்து நிமிடம் முன்னே பின்னே. ஏதோ நினைத்துக்கொண்டு என் நோட்டைப் பிரித்தேன். நான் அந்த வீட்டுக்குப் போன் செய்த நேரமும் சூடு ஏறிய நேரமும் ஒட்டி ஒட்டி வந்தன.

அப்படியானால் போன் செய்யாமல் போக வேண்டும். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், சொல்லாமல் கொள்ளாமல், சாப்பாட்டு நேரத்தில். மறுநாள் எனக்கு லீவு. ஒன்றரை மணிக்கு அந்த வீட்டைத் தாண்டி இரண்டு முறை நடந்தேன். மூன்றாவது முறை கதவைத் தட்டினேன்.

வீட்டுக்கார மாமி திறந்தார். "யாரு?"

"டவர் ஆபீஸ்லேருந்து வரேங்க. தினம் போன் பண்றது நான்தான்."

"அட, நீங்கதானா! குரலைக் கேட்டு யாரோ சின்ன வயசுன்னு நெனச்சுண்டிருந்தேன். உள்ள வாங்கோ. மெள்ளப் பேசுங்கோ, மாமா இப்பத்தான் கண்ணசந்தார். என்ன இன்னிக்குப் போன் பண்ணாம வந்துட்டேள்? மாடி போட்டது போட்டபடி கெடக்கே."

மாடிக்குப் போனோம். பெட்டியின் அடியில் விரல் நீளத்துக்கு வெளியே தொங்கிய சென்சரைச் சுற்றி ஒரு ஈரத் துண்டு, நேர்த்தியாகக் கட்டியிருந்தது. துண்டின் நுனி ஒரு வாளித் தண்ணீருக்குள் இருந்தது. ஃபேன் ஓடவில்லை. பெட்டியில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன்.

"மாமி, இது எதுக்குங்க?"

"ஃபேன் நிக்கறதுக்குத்தான். பைபாஸ் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. மத்தியானம் சாப்ட்டப்புறம்தான் ரெண்டு மணி நேரம் தூங்கறார். அந்த நேரம் பாத்து இது தலைக்கு மேல ஹோன்னு கத்தறது. நீங்க போன் பண்ணினதும் அவுத்துடுவேன். வர்றவா கண்ணுக்கு ஈரத்துணியும் வாளியுமா இருந்தா நன்னாவா இருக்கும்?"

"துணி கட்டினா நிக்கும்னு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலை. இது என்னன்னு உங்க ஆபீஸ் டெக்னீஷியனைக் கேட்டேன். சூடு பட்டா ஃபேன் ஓடும்னார். சூடு படலேன்னா ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"இதனால டவரே நின்னுடுதுங்க."

"எங்காத்து போன் நன்னாத்தானே இருக்கு?"

அவர்கள் போன் வேறு கம்பெனி. அதைச் சொன்னேன். அந்த டெக்னீஷியனின் வேலை போகப் போகிறது என்பதையும் சொன்னேன். மாமி குனிந்து துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். ஒரு நிமிடத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்து வேகம் பிடித்தது. காலுக்குக் கீழே தளம் அதிர்ந்தது. கீழே யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"எழுந்துண்டுட்டார்" என்றார் மாமி.

அங்கிருந்து பஸ் பிடித்துத் தென்னூருக்குப் போனேன். மேடத்திடம் வாயால் சொல்ல வராது என்று தெரியும். பஸ்ஸிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன் பண்ணாம ஒருத்தர் வீட்டுக்குப் போனீங்களா? நீங்களா? ஏண்ணே, சென்சர் இதுதான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமியிடம் டெக்னீஷியன் சொன்னதை நான் தாளில் எழுதவில்லை. "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க" என்றேன். யாரைக் கேட்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அந்த மாமாவுக்குத் தூக்கம்..." என்று இழுத்தேன்.

"ஃபேன நிறுத்த முடியாதுண்ணே. பெட்டிக்கு அடியில ரப்பர் வைக்கச் சொல்றேன். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் டெக்னீஷியன் போய் சென்சரைப் பெட்டிக்குள் தள்ளி மாட்டினார். நாலு காலுக்கும் ரப்பர் வைத்தார். ஒன்று பத்துக்குத் திரையில் முப்பத்தொன்பது இருந்தது. இரண்டே முக்காலுக்கும் அதே முப்பத்தொன்பதுதான். மூன்று மணிக்கு அவரை வழக்கம்போல் பேட்டரி மாற்றக் கே.கே. நகருக்கு அனுப்பினார்கள்.