கணக்கில் வராத தம்பி

என் வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கோலியர்ஸ் வுட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்தில் இருந்த பெரியவர் விடாமல் கேட்டதால் சொன்னேன்: வசதி குறைந்த நாடுகள் தங்கள் சனங்களைச் சரியாக எண்ணிக்கொள்ள லண்டனிலிருந்து உதவி செய்யும் வேலை. அவர் ரோல்ஸைக் கடித்தபடி, "எங்களை எண்ணினவங்கள் ஒருத்தரும் நல்லதுக்கு எண்ணேல்லையே பிள்ளை" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எத்தனை பேர் என்று தெரியாமல் எத்தனை பள்ளிக்கூடம் கட்டுவது, எத்தனை தடுப்பூசி வாங்குவது என்று அவருக்கு ஒரு விரிவுரையே நடத்தினேன். பாவம், மனுஷன் இரண்டாவது ரோல்ஸை எடுக்கும் சாக்கில் எழும்பிப் போய்விட்டார்.

இன்றைக்கும் அந்த விரிவுரையில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். ஆனால் அதைச் சொல்லும்போது இப்போது அந்தப் பெரியவர் சொன்னதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

அந்த வருடம் ஒரு நாட்டின் புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து ஒரு குழு எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தது. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். குழுவுக்குத் தலைவர் அங்கத்தைய பணிப்பாளர், மரியாதை குறையாத, மெல்லிய குரல்காரர். அவருக்கு அடுத்தபடி ஒரு பெண் அதிகாரி. வீடுவீடாகப் போகிற கணக்கெடுப்பாளர்கள் எல்லாருக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கள் குளிரைத் தாங்கமாட்டாமல் கூட்டத்துக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் இருப்பார்.

அவர்களுடைய ஆய்வில், வடக்கு மாவட்டம் ஒன்றின் கணக்கு உதைத்தது. பெண்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள், கிழவர்கள் இருந்தார்கள். இளம் ஆண்களை மட்டும் காணவில்லை. எங்கள் அலுவலகம் அதைத் தரக்குறைபாடு என்று எழுதிவிட்டு மருந்தும் சொல்லியிருந்தது: அந்த வீடுகளுக்கு மறுபடி போங்கள், ஒத்துழைப்புக் கிடைக்க இம்முறை பொலிசையும் கூட்டிக்கொண்டு போங்கள். லண்டனில் பொலிஸ் என்றால் தொலைந்த பூனையைப் பற்றியும் முறைப்பாடு கேட்கிற ஆட்கள். எழுதியவருக்கு வேறு பொலிஸ் தெரியாது.

பயிற்சியில் ஒத்திகை நேர்காணல் என்று ஒன்று உண்டு. ஒருவர் கணக்கெடுப்பாளர், மற்றவர் வீட்டுக்காரி. வீட்டுக்காரியின் குடும்ப விபரம் ஓர் அட்டையில் இருக்கும். அதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வழக்கமாக வீட்டுக்காரியாக நடிக்கும் சக ஊழியருக்கு அன்று சுகமில்லை. அட்டை என் கைக்கு வந்தது. மேசையில் எதிரெதிரே இருந்து செய்வதுதான் வழக்கம். அந்தப் பெண் அதிகாரி, எங்கள் ஊரில் யாரும் உள்ளே கூப்பிட்டு இருத்தமாட்டார்கள், வாசலில் நின்றுதான் கேட்போம் என்றார். அதனால் நான் கூட்ட அறைக்குள் நின்றேன். அவர்கள் வெளியே போய்க் கதவைத் தட்டினார்கள்.

திறந்தேன். கையில் விபரம் பதிகிற கருவியோடு அவர். அவருக்குப் பின்னால், திரையைப் பார்ப்பதற்காக, இரண்டு ஆண்கள் நின்றார்கள்.

"நேற்று இரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் யார் யார்?" என்று அவர் கேட்டார்.

எங்கள் தொழிலின் அரிச்சுவடிக் கேள்வி அது. அட்டையில் கணவர், மாமியார், இரண்டு மகன்கள் என்று இருந்தது. நான் கணவர் என்றேன், மாமியார் என்றேன், சின்ன மகன் என்றேன். மூத்தவன் என் வாயிலிருந்து வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசலிலும் இப்படித்தான் நின்றார்கள். முன்னால் கோப்போடு எங்கள் கிராம அலுவலர் விதானையார், பின்னால் துவக்கோடு ஆமிக்காரர் இருவர். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று அம்மாவை விட்டுவிட்டு வீட்டில் யார் யார் என்று என்னைக் கேட்டார்கள். அண்ணை சாமியறையில் அலுமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அம்மாவும் அப்பாவும் நானும்தான் என்றேன். விதானையாருக்கு அண்ணையைத் தொட்டில் காலத்திலிருந்து தெரியும். தலையை நிமிர்த்தாமல் நான் சொன்னதையே எழுதிக்கொண்டு போனார்.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். தகவலை மறைக்கிற வீட்டுக்காரியாக நான் பிரமாதமாக நடித்ததாக எங்கள் லண்டன் குழுத் தலைவி கைதட்டினார். பெண் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. வேறு யாராவது இருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், நான் சொன்னதை அப்படியே பதிந்தார்.

பிறகு தேநீர் போடும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். உங்கள் வீட்டில் யார் என்று கேட்டார். அண்ணன் என்றேன். அந்த வடக்கு மாவட்டத்தில் இளைஞர்களைப் பகலில் படை கொண்டுபோகும், இருட்டினால் காட்டிலிருப்பவர்கள் கொண்டுபோவார்கள் என்றார். அதனால் எந்த வீட்டிலும் இளைஞர்கள் இல்லை; கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

"நீங்கள் மறுபடி போகச் சொல்லும் வீடுகளில் ஒன்று எங்கள் வீடு," என்றார். "என் தம்பி அங்கேதான் இருக்கிறான்."

அடுத்த நாள்தான் அந்தப் பரிந்துரையை முடிவுசெய்யும் கூட்டம்.

மாலையில், லண்டனிலேயே குட்மேய்ஸில் கடை வைத்திருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அண்டைக்கு விதானையார் தனியாக வந்திருந்தால் பேர் குடுத்திருப்பீங்களோ என்று கேட்டேன். இவளுக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். யாருக்கோ மிச்சக்காசு கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"அந்தாள் தனிய வந்திருந்தா நானே வெளிய வந்து தேத்தண்ணி குடுத்திருப்பன். ஆர் எண்ணுறான் எண்டில்லையடி. அவனுக்குப் பின்னால ஆர் நிக்கிறான் எண்டதுதான்."

கூட்டத்தில் நானே முதலில் கையை உயர்த்தினேன். பொலிஸ் வந்தால் சனம் இன்னும் மறைக்கும், தரவு இன்னும் கெடும் என்று தொழில் பாஷையிலேயே பேசினேன். குறையைக் குறையாகவே விட்டு அடிக்குறிப்புப் போடலாம், இல்லாவிட்டால் ஊர்த் தாதிமாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். பெண் அதிகாரி எனக்கு நேரெதிரே கோட்டுக்குள் ஒடுங்கி இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்ற பயம்.

பணிப்பாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெல்லிய குரலில், "அந்த வீடுகளில் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரியாது, இருந்தால் என்ற ஊகம்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புன்னகைத்து, தாதிமார் நல்ல யோசனை என்றார். பொலிஸ் வேண்டாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். குறிப்பிலும் எழுதினார்கள். லிப்ட் வாசலில் பெண் அதிகாரி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவர் கை சில்லிட்டிருந்தது.

அந்த வீடுகளுக்கான மறுவிஜயம் முடிந்து புதிய அட்டவணை அடுத்த கோடையில் வந்தது. வடக்கு மாவட்டத்தில் இளம் ஆண்கள் இருக்கவேண்டிய அளவுக்கு இருந்தார்கள். வரைபடத்தில் கோடு பள்ளமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. உதவிப் பணம் கொடுக்கிறவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று குழுத் தலைவி கேக் வாங்கி வந்தார். நான் களஅறிக்கையைத் திறந்து தாதிமாரைத் தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை. பாதுகாப்புத் தரப்பு மிகுந்த ஒத்துழைப்பு வழங்கியது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

பெண் அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று உடனே திரும்பி வந்தது. போன் நம்பரும் வேலை செய்யவில்லை. பணிப்பாளரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று அவர் அந்த மெல்லிய குரலில் திருப்பிக் கேட்பார். நான் சொல்கிற பதில் அந்தப் பெண் அதிகாரியை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்து கேட்கவில்லை. அரச ஊழியர்கள் மாறுவது சகஜம்தானே என்றார் குழுத் தலைவி. அதற்கு மேல் அவருக்கு எப்படித் தெரியும்?

கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையின் முன்னால் நின்றேன். குறையில்லாமல் நிரம்பிய அந்த எண்ணுக்குள் பெண் அதிகாரியின் தம்பியும் இருக்கவேண்டும். எண்ணி முடித்த பிறகு அவனை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க எங்கள் வினாக்கொத்தில் ஒரு கேள்வியும் இல்லை.