இரண்டு ஊசி அட்டையும் ஒரு வீட்டுச் சாவியும்

சாய்ந்தமருது, காலை 5.15. வேன் வாசலில் வந்து நின்றபோது கைப்பையைத் திறந்து நாலாம் முறையாகப் பார்த்தேன். கடவுச்சீட்டு, விசா, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்து மூக்கைக் குடையவிட்ட பீ.சீ.ஆர். முடிவு, கியூ.ஆர். கட்டம் போட்ட தடுப்பூசிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டைகள் இரண்டு, மருதமுனை வீட்டுச் சாவி. எல்லாம் இருந்தன. "சாவி என்னத்துக்கு? டோஹாவில எந்தக் கதவத் துறக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார் என் கணவர். பையை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

முப்பது வருடம் கரும்பலகையில் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டுப் புவியியல் படிப்பித்தவள் நான். கத்தார் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு பிரம்பு வைப்பேன். ஆனால் அதுவரை கடல் கடந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில், அதுவும் உலகமே கதவைச் சாத்தி வைத்திருந்த கொரோனாக் காலத்தில், நான் புறப்பட்டது மூத்த மகள் நுஸ்ரத்துக்காக. அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் பிள்ளை உம்மாவிடம்தான் வரவேண்டும். அவளால் வர முடியவில்லை. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. "நீங்க பக்கத்துல இல்லாம நான் புள்ளப் பெறமாட்டன் உம்மா" என்று தினமும் தொலைபேசியில் அழுதாள். ஆகவே உம்மா பிள்ளையிடம் போகிறாள். வழக்கம் தலைகீழாகத்தான் இருந்தது, என்ன செய்ய?

5.35. கல்முனையைத் தாண்டி மருதமுனை. சாரதி ஜாபிர் வேனை மெதுவாக்கினார். "டீச்சர், உங்கட வீடு" என்றார்.

"எங்கட இல்ல, மகள்ட வீடு" என்றேன். பச்சை நிறக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அதன் சாவிதான் என் பையில் இருந்தது.

வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். நுஸ்ரத்தின் நிக்காஹ்வுக்கு முன்பே அந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். பிறகு இளைய மகள் சிபானாவுக்காக ஏழு கிலோமீட்டர் தெற்கே சாய்ந்தமருதில் ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கி, பூசாத சுவர்களுக்குள் நாங்கள் குடிபோனோம். மருமகன் டோஹாவுக்கு வேலைக்குப் போக, நுஸ்ரத்தும் பின்னால் போக, கொடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டு உறுதிப் பத்திரத்தை மாற்றும்போது ஒரு கையெழுத்தும் நடுங்கவில்லை. ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்ற மட்டும் எனக்கு மனம் வரவில்லை. நான் மட்டுமல்ல, வீடு கொடுத்த உம்மாமார் பாதிப்பேர் அப்படித்தான். வீடு போனாலும் பெயராவது அங்கே இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை.

அந்த நப்பாசைதான் காலை வாரியது. ஊசி வந்தபோது இடாப்புப்படி மருதமுனைக்குக் கூப்பிட்டார்கள். போய் முதலாவதைப் போட்டு, அட்டையை அந்த வீட்டு அலுமாரியிலேயே பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். பத்திரம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த அலுமாரிதான். இரண்டாவதுக்கு நாள் வந்தபோது ஊரை முடக்கிவிட்டார்கள், வீதியில் தலைகாட்ட முடியாது. சாய்ந்தமருதில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அட்டை இல்லாமலே போய்க் கையை நீட்டினேன். "இது ரெண்டாவது" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்தச் சனத்தின் இரைச்சலில் யார் காதில் விழுந்ததோ தெரியாது. புது அட்டை ஒன்றை எழுதித் தந்தார்கள். வாசித்துப் பார்க்காமல் வாங்கி வந்தேன். பயணம் சரிவந்தபோது அலுமாரியிலிருந்து பழையதையும் எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு இரண்டு அட்டை இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். பரீட்சைத் தாளில் பெயர் எழுதாத பிள்ளைகளை அடித்திருக்கிறேன். யா அல்லாஹ், அந்தப் பிள்ளைகள் என்னை மன்னிக்கட்டும்.

7.05. ஓட்டமாவடி. கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வந்து மண்ணில் அடங்கிய ஊர். ஜாபிர் வானொலியை நிறுத்தினார். மூவரும் கையேந்தி துஆக் கேட்டோம்.

9.20. ஹபரணை. தேநீர்க் கடையில் பிளேன்டீ முப்பது ரூபா, உள்ளே உட்கார அனுமதி இல்லை. வேனுக்குள்ளேயே குடித்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கணவர் என் கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். ஓய்வுபெற்ற அலுவலக லிகிதர், சோற்றுப் பார்சல் சுற்றிய தாளையும் விடமாட்டார். சான்றிதழில் அவர் கண் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இஞ்ச பாருங்க, இதுல ஒரு ஊசிதானே போட்டிரிக்கி."

"ரெண்டு போட்டனே!"

"நீங்க போட்டீங்க. கடதாசி ஒண்டுதான் போட்டிரிக்கி."

இரண்டு அட்டைகளையும் மடியில் விரித்தேன். மருதமுனை அட்டையில் முதலாம் ஊசி. சாய்ந்தமருது அட்டையிலும் முதலாம் ஊசி. இணையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துத் தந்த கடைக்காரரிடம் புது அட்டையை மட்டும் கொடுத்திருக்கிறேன். அவர் கட்டத்தைப் பார்த்து "வந்திட்டு டீச்சர்" என்று அச்சடித்துத் தந்தார், நானும் கட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். என் உடம்பில் இரண்டு ஊசி. காகிதத்தில் ஊருக்கொரு அரைப் பெண்.

திரும்பலாமா என்று ஜாபிர் கேட்டார். திரும்பினால் பீ.சீ.ஆர். காலாவதியாகும், அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியாது, நுஸ்ரத்துக்கு ஆறே நாள். "போங்க தம்பி, நிப்பாட்டாம போங்க" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

ஓடுகிற வேனிலிருந்து சிபானாவைக் கூப்பிட்டேன். அட்டைகளைப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் முச்சக்கரவண்டி பிடித்து சாய்ந்தமருது சுகாதாரப் பணிமனைக்கு ஓடினாள். தம்புள்ளையைத் தாண்டும்போது அழைத்தாள்.

"உம்மா, முதலாவது ஊசி மருதமுனையில தானே, அங்க போய்க் கதைங்க எண்டுறாங்க."

"போ மகள், கெதியாப் போ!"

முக்கால் மணித்தியாலம் கழித்து மறுபடி அழைப்பு. "உம்மா, ரெண்டாவது இவங்கட இடத்துல போடல்லியாம். சாய்ந்தமருதுக்கே திரும்பிப் போகச் சொல்றாங்க. நீங்க எந்த ஊர் எண்டு கேக்குறாங்க, நான் என்ன சொல்ல?"

நான் எந்த ஊர்? வயலும் தென்னையும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்து, கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்த வீடு மருதமுனையில். மழை ஒழுகாமல் படுக்கிற இடம் சாய்ந்தமருதில். "ரெண்டும்தான் எண்டு சொல்லு" என்றேன். கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தொலைபேசியில் சிபானாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. "தங்கச்சி, போனை இஞ்ச தாங்க." பெரியநீலாவணையிலிருந்து வேலைக்கு வரும் குடும்பநல மாது, பிரசவமும் பிள்ளைகளும் பார்ப்பவள். நுஸ்ரத் கைக்குழந்தையாக இருந்தபோது தராசில் போட்டு நிறை பார்த்தவள். "டீச்சர், ரெண்டு அட்டையிலயும் அடையாள அட்டை இலக்கம் ஒண்டுதானே? ஓம் எண்டு சொல்லுங்க."

"ஓம்."

"அப்ப ஆள் ஒண்டுதான். கொம்பியூட்டரில இண்டைக்கு மாத்த ஏலாது, அது மேலிடத்து வேல. ஆனா டொக்டரிட்டச் சொல்லிக் கடிதம் ஒண்டு எடுத்துத் தாறன். அது செல்லுமோ செல்லாதோ எனக்குத் தெரியா."

11.50. குருநாகல். கடிதத்தின் படம் வந்துசேர்ந்தது. பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் பிரதி இருபது ரூபாப்படி மூன்று எடுத்தேன். இரண்டு அட்டைகளும் ஒரே பெண்ணுடையவை என்று மூன்று வரி, ஒரு முத்திரை. நான் ஒருத்திதான் என்பதற்கு அன்றைக்கு அதுதான் சாட்சி.

கட்டுநாயக்க, பகல் 1.15. வேன் கூலி இருபத்தையாயிரம், வந்த தூரம் முந்நூற்று முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றார் ஜாபிர். கணவரை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். "சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க, போய்ச் சேருவீங்க" என்றார். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கோ அழக்கூட நேரமில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சிங்களம் பேசினாள், நான் பாதி சிங்களமும் பாதி இங்கிலீசும் பேசினேன். அட்டைகளை அருகருகே வைத்தாள், கடிதத்தைப் பார்த்தாள், யாரையோ அழைத்தாள், அவர் வேறு யாரையோ அழைத்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது: ஏற்றலாம், ஆனால் அங்கே சான்றிதழில் உள்ளதைத்தான் கணக்கெடுப்பார்கள். ஆகவே டோஹாவில் இரண்டு நாள் ஹோட்டலில் தனித்திருக்கப் பதிவுசெய்தால் மட்டும். மருமகன் அங்கிருந்தே அறை எடுத்தார். "மாமி, ரெண்டு நாள்தானே, நாள் இரிக்கி" என்று தைரியம் சொன்னார். விமானம் 4.40க்குப் புறப்பட்டது. கீழே கடல் தெரிந்தபோது, வரைபடத்தில் நான் நீலம் தீட்டிய இடம் எவ்வளவு பெரியது என்று பயந்தேன்.

டோஹா, இரண்டாம் நாள். ஹோட்டலின் ஏழாம் மாடி. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டி ஓடிவிடுவார்கள். யன்னலுக்கு வெளியே வெயிலும் கட்டடமும். மகள் இருக்கும் இடம் பன்னிரண்டு கிலோமீட்டர், அதாவது சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை போய்த் திரும்பும் தூரம்கூட இல்லை. காலை பத்து மணிக்கு மருமகன் அழைத்தார். நுஸ்ரத்துக்கு விடியவே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். பிள்ளைக்கு நாளும் தெரியாது, சட்டமும் தெரியாது.

பகல் லுஹர் தொழுது முடித்து முசல்லாப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி ஒலித்தது. முதலில் ஒரு கீச்சுக் குரல், பிறகு மருமகன் பிள்ளையின் காதில் பாங்கு சொல்வது கேட்டது. நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். நான்காயிரம் கிலோமீட்டர் வந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் தவறவிட்டேன். வீடு கொடுத்தேன், பெயரைக் கொடுக்காமல் பிடித்து வைத்தேன், அந்தப் பெயர் என்னை இந்த அறையில் பூட்டி வைத்தது என்று என் மீதே எனக்கு ஆத்திரம்.

ஊருக்குச் சொன்னேன். "பொம்புளப் புள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கணவர். கொஞ்சம் பொறுத்து, "அப்ப இனி எங்க காணி பார்க்கிற?" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் கதவைத் திறந்துவிட்டார்கள். நுஸ்ரத் என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "வாறன் எண்டு சொன்னீங்களே உம்மா." பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து அவள் கையில் வைத்தேன். முகவரிகளை வாசித்தாள். "நீங்க இன்னும் எங்கட வீட்டுல தானா பதிஞ்சிரிக்கீங்க?" என்றாள். வெட்கத்துடன் தலையாட்டினேன். பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

மூன்று மாதம் இருந்தேன். திரும்புமுன் மூன்றாவது ஊசியையும் அங்கேயே போடச் சொன்னார்கள். கிளினிக்கில் மலையாளத் தாதி முகவரி கேட்டாள். நான் வாய் திறக்குமுன் நுஸ்ரத் தன் ஃபிளாட்டின் இலக்கத்தைச் சொன்னாள். ஆக என்னிடம் மூன்று ஊசி, மூன்று அட்டை, மூன்று முகவரி.

விமான நிலையத்தில் அவளிடம் சாவியை நீட்டினேன். உன் வீட்டுச் சாவி, உன்னிடமே இருக்கட்டும் என்றேன். வாங்கவில்லை. என் விரல்களை மடக்கிச் சாவியை மூடினாள். "நீங்க போய் அங்க இரிங்க உம்மா. வாப்பாவையும் கூட்டிப் போங்க. நான் அடுத்த புள்ளைக்கு வரக்குள்ள வீடு துறந்து கிடக்கணும். உம்மா இல்லாத வீடு எனக்கு என்னத்துக்கு?"

கட்டுநாயக்கவில் இறங்கியதும் சுகாதாரப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நெடுநேரம் நின்றேன். பின்னால் நின்றவர் இருமினார். எழுதிக் கொடுத்த வீட்டில் குடியிருப்பது சரியோ பிழையோ, ஊரில் என்ன கதைப்பார்களோ, சிபானா என்ன நினைப்பாளோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருதமுனை என்று எழுதினேன். இம்முறை எழுதியதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.