சித்திரை வீதியில் மூன்று சுற்று

பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாமாண்டு படிக்கிறான். கே.கே. நகரில் இத்தனை வீடுகள் இருக்க, தன் புரோகிராம் நிற்காமல் ஓடும்போதெல்லாம் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறான். முப்பத்தொரு வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான் என்று யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். போன வாரம் வந்தவன் லேப்டாப்பை என் மேஜைமேல் வைத்தான். உள்ளே விசிறி இரைந்துகொண்டிருந்தது. அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது.

"லூப் கரெக்டாத்தான் சார் எழுதியிருக்கேன். ஆனா நிக்கவே மாட்டேங்குது."

மொத்தம் எட்டு வரி. ஐந்தாவது வரியில் தவறு. குறித்த எண் கிடைத்ததும் நிற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறித்த எண்ணையும் ஒன்று கூட்டிக்கொண்டே போனான். தேடுகிறவனும் நகர்கிறான், தேடப்படுவதும் அதே அளவு நகர்கிறது. பிறகு எங்கே நிற்பது? திருத்திக் கொடுத்து அனுப்பிவிட்டேன். என் ஒன்பதாவது வயதில், ஸ்ரீரங்கத்தில், இதே தவறால் என் தங்கை தொலைந்துபோனாள்.

அப்பா மணப்பாறைப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். எதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். பல் விளக்க, பஸ் ஏற, மாம்பழம் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் வரிசைக்கிரமம் உண்டு. அந்த வருடம் சித்திரைத் தேருக்கு எங்களை அழைத்துப் போனபோது, தெற்குச் சித்திரை வீதியில் ஒரு நீர்மோர்ப் பந்தலுக்கு எதிரே எங்களை நிறுத்தி அன்றைய விதியைச் சொன்னார்.

"கை விட்டுப் போச்சுன்னா அழக்கூடாது. கூட்டத்தோட அப்படியே நடக்கணும். நாலு மூலை திரும்பினா இதே இடத்துக்கு வந்துடுவீங்க. வந்ததும் நின்னுடணும். புரிஞ்சுதா?"

கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளும் சதுரமாக ஓடுவதால் அது நல்ல விதிதான். கையை நீட்டி இடத்தையும் காட்டினார். பந்தல் வாசலில் பலூன்காரர் ஒருவர் கழியில் பலூன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். ஐந்து வயதுத் தங்கையும் தலையாட்டினாள்.

தேர் கிழக்கு வீதியிலுள்ள தன் நிலைக்குத் திரும்பிய நேரத்தில் அது நடந்தது. வடம் பிடித்தவர்கள் கையை உதறிக்கொண்டு கலைந்தார்கள். பின்னால் வந்த கூட்டம் நிற்காமல் வீதிகளைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு கையில் மோர் டம்ளரை வாங்கி இன்னொரு கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் இடைவெளி. குனிந்து பார்த்தபோது தங்கையின் சிவப்புப் பாவாடை அங்கே இல்லை.

"இங்கதான இருந்தா? டேய், உன் பக்கத்துலதானடா இருந்தா?"

அப்பா பதறவில்லை. அருகில் இருந்த போலீஸ் கூடாரத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் மைக்கில் அறிவிப்பு வந்துவிட்டது. பள்ளியில் சேர்ப்பதற்காக வைத்த நீளமான பெயரை, முதலெழுத்தோடு, சுத்தமான உச்சரிப்பில் சொன்னார்கள். வீட்டில் அவளை யாரும் ஒரு நாளும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. குட்டி என்றுதான் கூப்பிடுவோம்.

பிறகு அப்பா தேடப் புறப்பட்டார். முதலில் கிழக்கே, கூட்டத்துக்கு எதிராகத்தான் காலை வைத்தார். அம்மா மறித்தாள்.

"ஏங்க, இன்னைக்குப் போயி எதிரா நடக்கிறதா? சாமி சுத்துற வீதிங்க இது. வலமாவே போங்க. எப்படிப் போனாலும் வட்டந்தானே?"

அப்பா ஒரு கணம் நின்றார். திரும்பி, எல்லோரும் போகிற திசையிலேயே போனார்.

நானும் அம்மாவும் பந்தல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கோடை வெயில் தார்ச்சாலையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. எனக்குப் பயம் வந்தால் எண்ணுவேன். பந்தலில் பானைகள் ஆறு, கால்கள் எட்டு. அதற்கப்புறம் எண்ணுவதற்குப் பாவாடைகள்தான் இருந்தன. நாங்கள் இருந்த இடத்திலிருந்து பெரியவர்களின் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒரே நெரிசல். ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் எங்களைக் கடந்து போயிருந்தாலும் தெரிந்திருக்காது. பெஞ்சில் எங்களோடு இருந்த ஒரு கிழவர், போன வருடம் ஒரு பிள்ளை ஆற்றுப் பக்கம் போய்விட்டது என்று ஆரம்பித்தார். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை ஓங்கி, "பெருசு, வாயை மூடிக்கிட்டு மோரைக் குடி" என்று அடக்கினார். அம்மா ஆறு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அப்பாவின் தலை தெரிந்தது. கோயில் மதில் ஓரமாக, வீதியின் மறுபக்கத்தில், வேகமாகப் போனார். அப்பா என்று கத்த வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"வேண்டாம். தனியாத்தான் போறாரு. போகட்டும்."

இரண்டாவது முறை அவர் வந்தபோது துண்டைத் தலையில் போட்டிருந்தார். எனக்கு முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓடிப் போய் அதன் தோளைத் தொட்டுத் திருப்பினார். அதன் தாய் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"யோவ், எம் புள்ள மேல ஏன்யா கை வைக்கிற?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். எங்கள் ஊரில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் அப்பா, கும்பிட்டு, ஏதோ சொல்லி, விடுபட்டு நடந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அப்பா பார்த்துக்கொண்டிருப்பது முதுகுகளை. எல்லோரும் ஒரே பக்கம் போகும்போது யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. தங்கையை அவர் ஒரு முறையாவது தாண்டிப் போயிருக்க வேண்டும். எதிராகப் போனால் முகம் தெரியும், அதுவும் என் உயரத்துக்கு நேராகவே தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபுரத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். கைவசம் மிச்சமிருந்த ஒரே பிள்ளையையும் அதற்குள் அனுப்ப வேண்டும், அதுவும் எதிர்த்திசையில். என் மணிக்கட்டிலிருந்த அவள் பிடி இறுகியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"தேர் நிக்கிற இடம் வரைக்குந்தான். அங்க இல்லன்னா ஒரு அடி கூடத் தாண்டக்கூடாது, திரும்பிடணும். நான் இங்கயேதான் இருப்பேன்."

எங்கே போக வேண்டும், எதுவரை போக வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தன. பின்னால் எத்தனையோ மாணவர்கள் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். இந்த மூன்றில் ஒன்றாவது விட்டுப்போயிருக்கும்.

கூட்டத்துக்கு எதிரே நடப்பது சுவரில் முட்டுவதுபோல இருந்தது. "ஏய் தம்பி, வலமா வா", "யார் வீட்டுப் பையன்டா இது" என்று தலைக்கு மேலே குரல்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார். குனிந்து அவர் கைக்கு அடியில் நுழைந்து போனேன். கிழக்குச் சித்திரை வீதிக்குத் திரும்பினேன். முகங்களாக வந்துகொண்டே இருந்தன. தேரின் குடை தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான், அதற்கப்புறம் திரும்ப வேண்டும்.

அப்போது இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் அவள் வந்தாள். உதடு வெடித்து, பாவாடை புழுதியாகி, தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கையைப் பிடித்தேன். உதறினாள்.

"விடுண்ணா. இன்னும் பலூன் வரல."

"எந்தப் பலூன்?"

"அப்பாதான சொன்னாங்க, பலூன்காரர்கிட்ட வந்ததும் நின்னுடணும்னு."

அவளுக்கு முன்னால், அதிக தூரமில்லை, ஒரு கழி நிறையப் பலூன்கள் கூட்டத்தின் தலைக்கு மேலே ஆடிக்கொண்டு போயின. அந்த மனிதரும் விற்றுக்கொண்டே வீதிகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீ தொலைஞ்சு போயிட்டேன்னு அம்மா அழுவுறாங்க, வாடி."

"நான் ஒண்ணும் தொலைஞ்சு போகல. மைக்ல சொல்றாங்களே, அந்தப் பொண்ணுதான் தொலைஞ்சு போச்சு. பாவம்."

இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். அம்மா அவளை வாங்கி மடியில் வைத்து, அடிக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே மோரை ஊட்டினாள்.

அப்பா மூன்றாவது சுற்றில் வந்தார். அதே மதில் ஓரம். இந்த முறை அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. கத்தினேன், கேட்கவில்லை. ஓடிப்போய் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். நின்றார். என்னைப் பார்த்தார். தங்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அம்மா தனியாவா இருக்கா?"

"இல்லப்பா. குட்டியும் இருக்கா."

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிப் போனவர்கள், யாரோ வெயிலில் மயங்கிவிட்டார் என்று சோடா கேட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. தங்கை அப்பாவின் மடியில் இருந்தாள். வண்டி சத்திரம் பஸ் நிலையத்தைத் தாண்டியது. பிறகு அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"பந்தலைத் தாண்டி ரெண்டு தடவை போனீங்க. நான் பாத்தேன்."

அப்பா தங்கையின் தலைமுடியிலிருந்து ஏதோ தூசியை எடுத்தார்.

"நீ பாக்குறதை நானும் பாத்தேன்."

இவ்வளவு பெரிய மனிதர்கள், ஒரு வீதியின் அகலம்தான் இடையில், ஒருவரையொருவர் பார்த்தும் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள்! எனக்கு அது பெரிய வேடிக்கையாகப் பட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்துத் தங்கையும் சிரித்தாள். அவர்கள் இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று மணப்பாறை வரும்வரை எனக்கு விளங்கவில்லை.