ஐந்தாவது பறவையின் கண்

பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எட்டு வயதில், திண்டிவனத்தில், ஒரு தறிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு நானாகவே கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சித்தி கெடாரில் இருந்த புருஷன் வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கையில் இருந்த தழும்பைப் பற்றிக் கேட்டால், "கஞ்சி கொட்டிடுச்சு" என்பாள். அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம், "வாழ வேண்டிய பொண்ணு எத்தினி நாளைக்கு இங்க குந்திக்கினு இருக்கும்?" என்று அம்மாவைக் கேட்பார். சித்தி அடுப்படியில் இருப்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்து நெசவுக்கூடத்தில், ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரம்மா தங்கள் ஊர்க் குடியானவர்களின் சித்திர நெசவைப் பெண்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். சித்தியும் போய்ச் சேர்ந்துகொண்டாள். மரம், நட்சத்திரம், பறவை என்று வண்ண நூலைக் கையாலேயே கோத்து நெய்ய வேண்டும். கல்யாணம், பண்டிகை என்றால் அந்தத் துணியைப் பெஞ்சு மேல் விரிப்பார்களாம்.

"இம்மாம் பாடுபட்டு நெய்யிறது மேல குந்துறதுக்கா? நல்ல ஜனம்டி!" என்று சித்தி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

பழகியவர்களில் ஒருத்திக்கு மட்டும் நிரந்தர வேலை, கூடவே தங்குவதற்கு ஓர் அறை. கடைசியில் சித்தியும் கண்டமங்கலத்து அக்கா ஒருத்தியும் மிஞ்சினார்கள். ஆளுக்கொரு துணி, வரிசையாக ஆறு பறவை. பிழை இல்லாமல் நெய்தவளுக்கு வேலை.

அந்த நெசவில் துணியின் முகம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவளுக்குத் தெரிவது முதுகுப்பக்கத்து நூல் குப்பைதான். மற்றவர்கள் தறிக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்ப்பார்கள். சித்திக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. முழுப்பரீட்சை லீவில் கூடவே ஒட்டிக்கொண்டு போன நான் இருந்தேன்.

"இன்னாடி, எல்லாத்துக்கும் கண்ணு வந்துச்சா? நல்லா பாத்து சொல்லு. இப்பன்னா பிரிச்சிப் போட்டுறலாம்."

நன்றாகவே பார்த்தேன். ஐந்தாவது பறவைக்குச் சிவப்புக் கண் விழவில்லை. வேலை கிடைத்தால் சித்தி அந்த அறைக்குப் போய்விடுவாள். அப்புறம் யார் எனக்குத் தலை பின்னுவது, யார் மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையை வாயில் போடுவது? கிடைக்காவிட்டால் எங்களோடேயே இருப்பாள்.

"ஆறுக்கும் வந்துச்சு சித்தி."

துணியை அறுத்துத் திருப்பிப் போட்டார்கள். வெள்ளைக்காரம்மா ஐந்தாவது பறவை மேல் விரலை வைத்தார். கண்டமங்கலத்து அக்காவுக்கு வேலை கிடைத்தது. சித்தி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்" என்று அம்மாவிடம் எனக்காகப் பரிந்து பேசினாள். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடுத்த வாரம் கெடாரிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். சித்தி பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

நான் பிடிக்கவில்லை. இவளுக்காக இவ்வளவு செய்தும் எங்களோடு இருக்காமல் போகிறாளே என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.