மெத்தை முழுக்க அப்பளம்

லொங்குய் நகரில், கூரை வேலை செய்யும் சுபாவின் வீட்டு வாசலில் படுத்துறங்க மெத்தை போட்ட எங்கள் பழைய கேம்பர் வண்டி நிற்கிறது. அதன் கூரை ஒழுகல் நிற்காவிட்டால் கடலைப் பார்க்காமலே டொரொன்டோ திரும்ப வேண்டும். நான் பூசியிருந்த பசையையெல்லாம் சுரண்டிவிட்டு, நேற்று அவள் புதிதாகப் பூசினாள்.

"ஊத்தையைத் துடைக்காமல் பூசியிருக்கிறியள் அண்ணை. பேந்து எப்பிடிப் பிடிக்கும்?"



இப்போது ஏணியில் நின்று கூரைமேல் தண்ணீர் பீய்ச்சுகிறாள். உள்ளே என் மனைவி மெத்தை முழுக்க அப்பளம் பரப்பியிருக்கிறாள். ஒரு சொட்டு பட்டாலும் நமுத்துவிடும்.

"காணுமோ அண்ணை?"

"இன்னும் கொஞ்சம் அடிம்மா."

கால் மணி நேரம் அடித்துவிட்டுக் குழாயை மூடுகிறாள். உள்ளே மனைவி உடைத்துப் பார்க்கும் அப்பளம் படக்கென்று முறிகிறது. பிறகு இன்னொன்று.

"ஏங்க, எண்ணெயை எங்க வச்சீங்க?" என்கிறாள் மனைவி.