என்னவென்று கூப்பிடுவது

ஹட்டன் பக்கம் றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர் அழகுமுத்து. மழைக்காலத்தில் சேறு சறுக்குகிற வளைவுகளில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில், சாவகாசமாகப் பாட்டுக் கேட்டபடி இறங்கி வருவார். பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சித்திரை மாதச் சனிக்கிழமை, நானுஓயா போகிற கோச்சி ரயிலில் ஏறியதிலிருந்து உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. எதிர் இருக்கையில் பத்து வயது நிலக்ஷி சிவப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலக்ஷி அவருடைய மனைவி கிருஷாந்தியின் மகள். அவளைப் பெற்ற முத்துலிங்கம், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்து, கொட்டு வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனார். அதற்குப் பிறகு கிருஷாந்தியைக் கட்டிக்கொண்டவர் அழகுமுத்து. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கையில் ஒரு குழந்தையும் வந்துவிட்டது. நிலக்ஷி மட்டும் இன்னும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மரியாதைக் குறைவு என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். கூப்பிட வேண்டிய இடம் வந்தால்தான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் தெரியும். சோறு போட்டாயிற்று என்று வாசற்கதவிடம் சொல்வாள். லொறியடியில் அவர் வேலையாக இருந்தால், பக்கத்தில் வந்து நின்று, அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பாள். அப்பா என்று சொல்லச் சொல்லி ஒருநாள் கிருஷாந்தி அதட்டியதில், பிள்ளை அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சித்தப்பா என்று சொல்லிப் பழக்கப் பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை. "விடு கிருஷாந்தி, வாய்க்கு வந்தா வரட்டும்" என்று அழகுமுத்து பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். உள்ளுக்குள் அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது.

நிலக்ஷிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கொழும்புப் பொடியன்கள் நடத்துகிற ஒரு றொக் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிப்பது ஒரு பெண்பிள்ளை. அவள் அடிப்பதை அம்மாவின் போனில் பார்த்துப் பார்த்து, இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு பால்மா டின்னைத் தட்டி லயத்தையே தூங்கவிடாமல் பண்ணுவாள். சித்திரை சீசனுக்கு அந்தக் குழு நுவரெலியாவுக்கு வருகிறது, பெரிய மைதானத்தில் மேடை போடுகிறார்கள் என்று தெரிந்ததும், அழகுமுத்து யாரிடமும் கேட்காமல் டிக்கட் வாங்கிவந்துவிட்டார். கைக்குழந்தையோடு கிருஷாந்தி வர முடியாது. இவர்கள் இரண்டு பேரும்தான் போகவேண்டும்.

கிருஷாந்தியின் அண்ணன் ஜெயகாந்தன் ராகலையிலிருந்து இதைக் கேள்விப்பட்டு நேரிலேயே வந்துவிட்டார். தாய்மாமன், சும்மா இருப்பாரா.

"மச்சான், பெத்த தகப்பனா இருந்தா இந்தக் கூட்டத்துக்குள்ள புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவானா?" என்று கேட்டார். "சரி, போங்க. புள்ளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா, மறுநாளே நான் ராகலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். பொறவு இந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன்."

கிருஷாந்தி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அழகுமுத்துவுக்கு அதிகம் சுட்டது. ஜெயகாந்தன் போகிற போக்கில் தன் போன் நம்பரைப் பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணவைத்துவிட்டுப் போனார்.

நானுஓயாவிலிருந்து பஸ் பிடித்து நுவரெலியாவில் இறங்கினால் தலைக்கு மேல் தலை. மைதானத்தைச் சுற்றித் தகர வேலி, அதற்குள் ஸ்பீக்கர்களை மாடி வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நிலக்ஷியின் கையைப் பிடிக்கலாமா என்று அழகுமுத்து யோசித்தார். இதுவரை பிடித்ததில்லை. அவளுடைய தோள்பை வாரைப் பிடித்துக்கொண்டார். அவள் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

வாசலில்தான் வினை வந்தது. உடம்பைத் தடவிப் பார்த்துச் சோதிக்கிறார்கள். அதனால் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சின்னப் பிள்ளை, என்னோடு வரட்டும் என்று அழகுமுத்து சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். காவல்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் கையைக் காட்டினான். பெண்கள் வரிசையில் தமிழ் கேட்கிறதா என்று அவர் தேடினார். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிற பௌசியா என்ற பெண், தன் மகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் புள்ளைய உள்ளுக்கு மட்டும் கொண்டாந்து விட்டுருவீங்களா? நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

"அதுக்கென்ன தம்பி, நான் பாத்துக்கிறேன். மகளா?"

அழகுமுத்து நிலக்ஷியை ஒருதரம் பார்த்தார். "ஆமாங்க" என்று முணுமுணுத்தார். நிலக்ஷி தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சோதனை முடிந்து உள்ளே போய், பெண்கள் உள்ளே வருகிற இடத்தில் நின்றுகொண்டார். ஒவ்வொருத்தராக வந்தார்கள். சிவப்பு ஸ்வெட்டர் வரவில்லை. திடீரென்று வெளியே ஒரு கூச்சல். பின்னாலிருந்து யாரோ தள்ள, வாசலில் வைத்திருந்த இரும்புத் தடுப்பு சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். காவல்காரர்கள் ஓடிவந்து கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவ்வளவுதான், அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று இந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை.

அழகுமுத்து கதவை அறைந்தார். உள்ளே வந்தவர்கள் திரும்பி வெளியே போகமுடியாது என்று பதில் வந்தது. பௌசியாவின் போன் நம்பரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன்னுடைய நம்பரையும் கொடுக்கவில்லை. என்ன மனிதன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ஜெயகாந்தன். பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். அது அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

பொலிஸ் கூடாரத்தைத் தேடி ஓடினார். அங்கே இருந்த பெண் பொலிஸ், நீங்கள் பிள்ளைக்கு யார் என்று கேட்டார். "மகே துவ" என்றார் அழகுமுத்து. என் மகள். தமிழில் தொண்டையைத் தாண்டாமல் கிடந்த சொல், சிங்களத்தில் தடங்கலில்லாமல் வந்துவிட்டது. பேரைக் குறித்துக்கொண்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கிற நிலையிலா அவர் இருந்தார்.

"வாசல்ல ஒரு புள்ள மிதிபட்டுருச்சாம்" என்று யாரோ தமிழில் பேசிக்கொண்டு போனார்கள்.

அதைக் கேட்டதும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். முதலுதவி செய்கிற இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கட்டிலில் ஒரு பிள்ளை படுத்திருந்தது. போர்வைக்கு வெளியே கால் மட்டும் தெரிந்தது. தலைமாட்டுக்குப் போய்ப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் அம்மா குனிந்து போர்வையைச் சரிசெய்தபோது நீல நிறச் சட்டை தெரிந்தது. வேறு பிள்ளை, முழங்கையில்தான் அடி. அழகுமுத்து ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அடுத்தவர் பிள்ளை அடிபட்டுக் கிடக்கிறபோது இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று உடனே கூசிப்போனார்.

மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. ட்ரம்ஸ் முழங்கத் தொடங்கியதும் அவருடைய நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. எந்தப் பெண்பிள்ளையைப் பார்க்க நிலக்ஷி இவ்வளவு தூரம் வந்தாளோ, அந்தப் பெண்பிள்ளை அங்கே அடித்துக்கொண்டிருந்தாள். அழகுமுத்து மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி, "நிலக்ஷி, நிலக்ஷி" என்று கத்திக்கொண்டு மைதானத்தில் இங்கும் அங்கும் ஓடினார். அவர் கத்தியது அவர் காதிலேயே விழவில்லை. போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கி, அடுத்த பாட்டு தொடங்குவதற்கு இடையில் ஒரு சின்ன அமைதி.

"அழகுமுத்து!"

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கப் பேர் கூப்பிடுகிற மாதிரி, முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாத வெறும் பேர். கீச்சென்ற பிள்ளைக் குரல். அவர் அப்படியே நின்றார். மறுபடியும் அதே குரல், இந்தத் தடவை அழுகையோடு. கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கிற படிக்கட்டுக் கலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் கம்பி வேலி. அதில் ஏறி நின்று, சிவப்பு ஸ்வெட்டர் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. கீழே பௌசியா அவளுடைய இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அழகுமுத்து ஓடிப்போய்க் கம்பிக்கு ஊடாகக் கையை நீட்டினார். நிலக்ஷி அவருடைய விரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பின்னால் இருந்த காவல்காரன் இதைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்துவிட்டான்.

"கதவச் சாத்தினதும் எங்கள இந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க தம்பி" என்றார் பௌசியா. மூச்சு வாங்கியது அவருக்கு. "நீங்க ஓடுறது எங்களுக்கு நல்லாத் தெரியுது. நானும் தம்பி தம்பின்னு கத்துறேன், இருக்கிற தம்பி எல்லாம் திரும்பிப் பாக்குறான். நீங்க மட்டும் பாக்கல. நீ கூப்பிடும்மா, உன் கொரல் தெரியும்னு இவகிட்டச் சொன்னா, வாயத் தொறக்க மாட்டேங்குறா. மொதல்லயே நம்பர் கேட்டேன், தெரிஞ்சது ஒன்னுதானாம், மாமா நம்பர். அதுக்கு எடுத்துச் சொன்னேன். அவரு உங்களுக்கு அடிச்சாராமே, நீங்க எடுக்கலையாமே."

அழகுமுத்துவுக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் போனை எடுத்திருந்தால் பிள்ளை இருக்கிற இடம் எப்போதோ தெரிந்திருக்கும். பயந்தாங்கொள்ளித்தனத்தால் வந்த வினை. அவர் குனிந்து நிலக்ஷியைப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா என்னையப் பாத்துக்கிட்டா இருந்த?"

"ம்."

"பொறவு ஏன்டா கூப்புடல?"

நிலக்ஷியின் உதடு கோணியது. "என்னன்னு கூப்புடுறதுன்னு தெரியல" என்றாள்.

இரண்டு வருஷமாக வீட்டுக்குள் இருந்த சங்கடம், இந்தக் கூட்டத்தில் பிள்ளையைப் பலிவாங்கப் பார்த்திருக்கிறது. வாய்க்கு வந்தா வரட்டும் என்று அவரும் சும்மா இருந்துவிட்டார். அடுத்த பாட்டுக்கு ட்ரம்ஸ் முழங்கியது. இரண்டு பேரும் மேடையைப் பார்க்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"மச்சான், புள்ள கெடச்சிருச்சு. தப்பு என்னுதுதான். நாந்தான் தொலைச்சுட்டேன்" என்று, கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்.

ஜெயகாந்தன் போட்ட சத்தம் பௌசியாவுக்கே கேட்டிருக்கும். நாளைக்குக் காலையிலேயே வருகிறேன், பிள்ளையின் உடுப்புகளைக் கட்டிவையுங்கள் என்றார். அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

நிலக்ஷி அவருடைய கையிலிருந்து போனை வாங்கினாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சத்தத்துக்கு மேலாகக் கத்தினாள்.

"மாமா, நான் ராகலைக்கு வரல. அவரு என்னையத் தொலைக்கல மாமா. நாந்தான் கூப்புடாம நின்னேன்."